குட்டி மோட்டார் சைக்கிளுக்குத் தடை! துணிந்து விற்ற கடைக்காரர்

பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம், பிள்ளைகளுக்கே வினையாக முடியப் பார்த்தது. நடந்த இடம் அமெரிக்கா. ஆண்டு 2009.

அங்கே பொடிப் பையன்கள் ஓட்டிப் பழகுவதற்கென்றே குட்டி மோட்டார் சைக்கிள்கள் உண்டு. ரோட்டில் ஓட்டக்கூடாது, மண்மேட்டிலும் மைதானத்திலும்தான் ஓட்டம். யமஹா பி.டபிள்யூ-50 என்ற வண்டி இதில் பேர்போனது. என்ஜின் 49 சி.சி. கிளட்ச் கிடையாது, கியர் மாற்றும் வேலையும் இல்லை. சீட்டின் உயரம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட.

ஆக்சிலேட்டரில் ஒரு ஸ்குரூ இருக்கிறது. அப்பா அதை இறுக்கி வைத்துவிட்டால், பையன் எவ்வளவு முறுக்கினாலும் வண்டி பாயாது! பையன் பழகப் பழக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொள்ளலாம்.

காரீய வில்லங்கம்

2007-ல் பொம்மைகளின் பெயிண்டில் காரீயம் இருப்பதாகப் புகார் கிளம்பியது. சீனாவில் செய்த பொம்மைகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. காரீயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் விஷம். எனவே 2008 ஆகஸ்டில் கடும் சட்டம் வந்தது. 12 வயசும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கான எந்தப் பொருளிலும் குறித்த அளவுக்கு மேல் காரீயம் இருந்தால் விற்கக்கூடாது. 2009 பிப்ரவரி 10-ந் தேதி முதல் அமல்.

வந்து மாட்டிக்கொண்டது குட்டி வண்டி! உலோகத்தைக் கடைவதற்கு வசதியாகக் காரீயம் சேர்ப்பது பட்டறை வழக்கம். டயர் வால்வு, பிரேக் லீவர் போன்ற பாகங்களில் அது இருந்தது. வண்டிகள் கடையிலேயே முடங்கின. ஸ்பேர் பார்ட்ஸ் விற்கவும் வழியில்லை. பையன் டயர் வால்வையா நக்கப் போகிறான் என்று வியாபாரிகள் தலையில் அடித்துக்கொண்டனர்.

வருவது வரட்டும்!

கலிபோர்னியா மாநிலம் ரிவர்சைடில் கடை வைத்திருந்தவர் மால்கம் ஸ்மித். பழைய பந்தய வீரர். 1971-ல் வந்த டாகுமெண்டரிப் படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குயினோடு தோன்றியவர். 2009 மார்ச்சில், அபராதம் வந்தாலும் வரட்டும் என்று, தடைபட்ட வண்டிகளைப் பகிரங்கமாக விற்றார். வியாபாரம் பாழாகிறதே என்ற கோபமும் அதில் இருந்திருக்கும். ஆனால் நியாயமும் இருந்தது.

சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பையன் சும்மா இருப்பானா? அண்ணன் வண்டியில் ஏறுவான். கால் தரையில் எட்டாது. சாய்ந்தால் தாங்க முடியாது. வேகம் கைக்கு அடங்காது. காரீயத்துக்குப் பயந்து காலை முறித்துக்கொள்கிற கதை!

இந்த ஆபத்தை அரசாங்கத்தின் பாதுகாப்புக் கமிஷனே ஒப்புக்கொண்டது. 2009 மே மாதம் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. ஆனாலும் சட்டம் அப்படியே இருந்ததால் வியாபாரிகளுக்குப் பயம் தீரவில்லை. 2011 ஆகஸ்டில்தான் குட்டி வண்டிகளுக்கு விலக்கு அளிக்கும் திருத்தத்தில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்துப் போட்டார். அதுவரை இரண்டரை வருஷ இழுபறி!