காசு கொடுத்து வாங்கியவருக்குத் ‘திருட்டு’ முத்திரை! 12 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் தவித்த கதை

கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குகிறீர்கள். ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர் வீடு தேடி வந்து, “இது திருட்டுச் சரக்கு” என்றால் எப்படி இருக்கும்?

2007-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தக் கதிதான்! கடைக்காரர், அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி. சரக்கு, கம்ப்யூட்டரை இயக்கும் ‘விண்டோஸ்’ சாப்ட்வேர்.

25 எழுத்துச் சாவி

விண்டோசை விலைக்கு வாங்கினாலும் அது நமக்குச் சொந்தம் இல்லை. நாம் வாங்குவது, அதைப் பயன்படுத்தும் லைசென்ஸ் மட்டுமே. அந்த லைசென்சுக்கு அடையாளம், எழுத்தும் எண்ணும் கலந்த 25 இலக்கச் ‘சாவி’.

முன்பெல்லாம் சாவியைத் தட்டினால் போதும். ஒரு சாவியை வைத்துத் தெருவே ஓட்டியது! 2001-ல் ‘விண்டோஸ் எக்ஸ்.பி.’ வந்தபோது கம்பெனி பிடியை இறுக்கியது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க், மெமரி, நெட்வொர்க் கார்டு முதலியவற்றை வைத்து, கைரேகை மாதிரி ஓர் எண் தயாராகும். அதுவும் சாவியும் சேர்ந்து கம்பெனி சர்வருக்குப் போகும். இதே சாவி வேறு மெஷினில் ஏறியிருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். இல்லை என்றால் அனுமதி. இதற்குப் பெயர் ‘ஆக்டிவேஷன்’. இன்டர்நெட் இல்லாதவர்கள் அப்போது போன் போட்டு, 50 இலக்க எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் எக்ஸ்.பி. உள்ளே விடவில்லை.

அதோடு விட்டார்களா? பிறகும், “அசல்தானா?” என்று சர்வர் அவ்வப்போது விசாரிக்கும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகும் நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிற மாதிரி.

தப்பு யார் மேல்?

அன்றைக்குத் தப்பு செய்தது இன்ஸ்பெக்டர்! சோதனையில் இருந்த புரோகிராமை, கை தவறி நிஜ சர்வருக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல சாவிகளையும் சர்வர் ‘செல்லாது’ என்று தள்ளியது.

விஸ்டா வைத்திருந்தவர்களின் ‘ஏரோ’ என்ற பளபளப்புத் திரை மறைந்தது. வேறு சில வசதிகளும் முடங்கின. எக்ஸ்.பி. காரர்களுக்கு எச்சரிக்கை வந்தது.

ஆக்டிவேஷன் அரை மணியில் சரியாகிவிட்டது. ஆனால் செக்கிங் கோளாறு மறுநாள் சனிக்கிழமைதான் தீர்ந்தது. பாதிப்பு 12 ஆயிரம் கம்ப்யூட்டருக்கும் குறைவு என்று கம்பெனி கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் மறுபடி ஒரு முறை செக் செய்துகொள்ள வேண்டும் என்றது. தப்பு ஒருவருடையது, வேலை இன்னொருவருக்கு!

2018 நவம்பரில் இன்னொரு கூத்து. கூடுதல் விலை கொடுத்து ‘விண்டோஸ் 10 புரோ’ வாங்கிய பலருக்கு, “உங்களிடம் இருப்பது ‘ஹோம்’ லைசென்ஸ்” என்று செய்தி வந்தது. அதுவும் சர்வர் கோளாறுதான்.

மதர்போர்டு மாற்றினால்...

இப்போது பெரும்பாலும் சாவியைத் தட்டவே வேண்டாம். லைசென்ஸ் அந்தந்த மெஷினோடு ஒட்டிக்கொள்கிறது. மதர்போர்டை மாற்றினால் சர்வருக்கு அது வேறு ஆள்! ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்பே லைசென்சை மைக்ரோசாப்ட் அக்கவுண்டோடு இணைத்து வைத்தால், ஹார்டுவேர் மாற்றியதைச் சொல்லி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம்.