எண் பூஜ்யமாகும் வரை!

வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஆகாரம் ஊட்டுவது நஞ்சுக்கொடி. அபூர்வமாக, அதன் அணுக்களே தாய்க்கு எமனாகிவிடுவதும் உண்டு! கருப்பையில் தோன்றும் இந்தப் புற்றுநோயை டாக்டர்கள் 'கோரியோகார்சினோமா' என்கிறார்கள். ரத்தத்தில் கலந்து நுரையீரல், மூளை வரை வெகுவேகமாகப் பரவிவிடும். அப்படிப் பரவிய பின், கருப்பையை அகற்றியும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இது 1956-க்கு முந்திய கதை.

அந்த ஒரு ராத்திரி

1956-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு 24 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். நோய் நுரையீரலில் பரவி, நெஞ்சுக்குள் ரத்தம் கொட்டியது. விடியும்வரை தாங்குவாளா என்பதே சந்தேகம். சீனாவில் பிறந்த டாக்டர் மின் சியூ லீ, 'மெதோட்ரெக்ஸேட்' மருந்தைக் கொடுத்தார். பொழுது விடிந்தது, அவள் உயிரோடு இருந்தாள்! சில மாதங்களில் கட்டிகள் மறைந்தன.

அணுக்கள் பெருகப் போலிக் அமிலம் தேவை. அதைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. இது உருவான லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்!

வேலை போயிற்று

கர்ப்பத்தைக் கண்டறிய உதவும் எச்.சி.ஜி. ஹார்மோனை இந்த நோயும் சுரக்கும். கட்டி மறைந்த பிறகும் சிலருக்கு அந்த ஹார்மோன் இருப்பதை லீ கண்டார். "எதிரி இன்னும் ஒளிந்திருக்கிறான்" என்பதே அதன் பொருள் என்று, எண் பூஜ்யமாகும் வரை மருந்தை நிறுத்தவில்லை. கட்டியே இல்லாதவர்களுக்கு விஷ மருந்தா என்று மேலிடம் சீறியது. 1957-ல் அவர் வேலை போயிற்று!

காலம் தீர்ப்புச் சொன்னது. மருந்தைச் சீக்கிரம் நிறுத்தியவர்களிடம் நோய் திரும்பியது. லீ கடைசிவரை விடாமல் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். 1972-ல் அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. இன்று நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். பலர் பிறகு பிள்ளையும் பெறுகிறார்கள்.

தாய்மார்கள் கவனிக்க!

பிரசவம் அல்லது கருச்சிதைவுக்குப் பின் உதிரப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால், 'வெறும் தீட்டுதானே' என்று இருந்துவிடாதீர்கள். எச்.சி.ஜி. அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். திராட்சைக் குலைபோல் வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் கலைந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை மிக அவசியம். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

உடம்பு தேறிவிட்டது என்று சிகிச்சையைப் பாதியில் விடவும் கூடாது. எண் பூஜ்யமாகட்டும்; அதற்கு மேலும் சில தவணை மருந்து உண்டு. அதையும் முடித்த பிறகே நிம்மதி!