காரணமின்றி எழும் பீதி

பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வின் ஒருமுறை லண்டன் விலங்கியற் பூங்காவில், கொடிய விரியன் பாம்பு அடைக்கப்பட்டிருந்த கண்ணாடிப் பெட்டியருகே தம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பாம்பு சீறித் தாக்கினாலும் பின்வாங்குவதில்லை என்பது அவர் செய்துகொண்ட உறுதி. பாம்பு தாக்கிற்று, அக்கணமே அவர் ஓரிரு கஜ தூரம் பின்னால் துள்ளிக் குதித்துவிட்டார். இடையே தடித்த கண்ணாடி இருப்பதை அவருடைய அறிவு நன்கு உணர்ந்திருந்தும் பயனில்லை. இந்நிகழ்ச்சியை 1872-ல் வெளியிட்ட, உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றிய தமது நூலில் அவரே குறித்துள்ளார்.

அச்சம் அறிவின் அனுமதியைப் பெற்று எழுவதன்று. பீதித் தாக்கு எனப்படும் துன்பத்திற்கு ஆளானவர்களைக் கோழைகள் என்று கருதுவோரும், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும்படி உபதேசிப்போரும் இவ்வுண்மையை நினைவிற் கொள்வது நலம்.

அலுவலகத்திற்குப் பஸ்ஸில் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெளிப்படையான காரணம் ஏதுமின்றித் திடீரென அவருடைய இருதயம் படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது, வியர்க்கிறது, கைகால்கள் நடுங்குகின்றன, தலை சுழல்கிறது. இதோ உயிர் போகப்போகிறது, அல்லது புத்தி பேதலிக்கப்போகிறது என்ற எண்ணம் அவரைக் கவ்விக்கொள்கிறது. சுமார் பத்து நிமிஷத்திற்குள் இந்நிலை உச்சத்தை அடைந்து, பிறகு தானே தணிகிறது. வைத்தியசாலையில் இருதயத்தின் மின்வரைபடம் எடுத்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று கூறி அனுப்புகின்றனர். இருதயத்தைப் பொறுத்தவரை அவ்விடை சரியே. ஆனால் தமக்கு நேர்ந்தது யாது என்பதை அவர் அறிந்துகொள்ளாமலே வீடு திரும்புகிறார். அடுத்த தாக்கு நேரும்போது அவருடைய அச்சம் முன்னிலும் மிகுதியாக இருப்பதில் வியப்பென்ன?

1871-ல் ஜேக்கப் டா கோஸ்டா என்ற அமெரிக்க வைத்தியர், உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட சிப்பாய்களிடம் கண்ட படபடப்பையும் மார்பு வலியையும் மூச்சுத் திணறலையும் பற்றி எழுதினார். அவர் அந்நோய்க்கு எரிச்சலுற்ற இருதயம் என்று பெயரிட்டார். நெடுங்காலம் இருதயத்தின்மீது சுமத்தப்பட்டிருந்த பழி அது. பீதி நோய் தனியொரு நோயாக அமெரிக்க மனநோய் மருத்துவர்களின் அட்டவணையில் இடம்பெற்றது 1980-ல்தான்.

உடலில் நிகழ்வது யாது? ஹார்வர்டைச் சேர்ந்த வால்டர் கானன் என்ற உடலியல் அறிஞர், அபாயத்தை எதிர்ப்பட்ட பிராணியின் உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாவதை ஆராய்ந்து 1915-ல் ஒரு நூல் வெளியிட்டார். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன. இருதயம் விரைந்து துடித்துத் தசைகளுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தம் குறைவதால் கை சில்லிட்டு, வயிறு புரளுகிறது. பஸ்ஸில் சென்றவர் உணர்ந்தவை பெரும்பாலும் இவையே. புலியைக் கண்டவனுக்கு உதவும் இந்த ஏற்பாடு, புலி இல்லாத இடத்திலும் இயங்கிவிட்டது, அவ்வளவே.

சுவாசத்தின் பங்கைச் சற்று விரிவாகக் காண்பது அவசியம். பீதியுற்றவர் வேகமாக மூச்சு விடுவதால், இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை மிகுந்து, அதில் அயனியாக உள்ள சுண்ணாம்புச் சத்து குறைகிறது. விரல் நுனிகளிலும் உதடுகளைச் சுற்றியும் மதமதப்பு உண்டாகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. மூச்சு முட்டுவதாக உணரும் அந்நேரத்தில் இரத்தத்தில் பிராணவாயுவுக்குக் குறைவே இல்லை என்பது விந்தை. காற்றுப் போதவில்லை என்று மேலும் இழுக்க இழுக்கத் தொல்லை வளருகிறது. மயங்கி விழுவோம் என்ற பயமும் பெரும்பாலும் பொய்யே. மயக்கத்திற்கு இரத்த அழுத்தம் தாழவேண்டும். பீதியிலோ அது வழக்கமாக உயருகிறது.

அமெரிக்காவில் நடந்து, 2013-ல் வெளியிடப்பட்ட ஒரு பரிசோதனை இங்கே குறிப்பிடத்தக்கது. அச்சத்தின் இருப்பிடமென நெடுங்காலம் கருதப்பட்ட பகுதி, மூளையில் பாதாம் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா. இரு புறமும் அப்பகுதி பழுதுற்ற மூவருக்கு 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒருமுறை சுவாசிக்கக் கொடுத்தனர். மூவரும் பீதியடைந்தனர். வெளியிலிருந்து வரும் அபாயத்திற்கும், உடலுக்குள்ளிருந்து எழும் அபாயக் குறிக்கும் மூளையில் வெவ்வேறு வழிகள் இருத்தல் கூடும் என்று இதிலிருந்து ஊகிக்கப்படுகிறது.

ஆயினும் ஒரு தாக்கினால் மட்டும் நோய் நிலைபெறுவதில்லை. டேவிட் கிளார்க் என்ற ஆங்கில உளவியலறிஞர் 1986-ல் விளக்கியபடி, நோயாளி தம் படபடப்பை மரணத்தின் அறிகுறி என்று பொருள்கொள்கிறார். அப்பொருள் அச்சத்தை வளர்க்கிறது. அச்சம் படபடப்பைப் பெருக்குகிறது. பிறகு அவர் பஸ்ஸைத் தவிர்க்கிறார், சந்தையைத் தவிர்க்கிறார், துணையின்றி வெளியே செல்லாதவராகிறார். தவிர்த்தமையால்தான் பிழைத்தோம் என்று மனம் தவறாகக் கணக்கிடுகிறது. தாக்கைவிட இத்தவிர்ப்பே வாழ்வைக் குறுக்குகிறது; வேலையை இழந்தோரும் உண்டு.

எனவே தாக்கு நேரும்போது, கூடுமானால் அவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்க முயலாமல், மெல்ல, நீளமாக வெளிவிடுதல் நன்று. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையை இன்று வைத்தியர்கள் ஆதரிப்பதில்லை. மாரடைப்போ ஆஸ்துமாவோ உள்ளவருக்கு அது கேடு விளைவிக்கும். பயிற்சி பெற்ற உளவியலாளர், நோயாளியைச் சுழல்நாற்காலியில் சுற்றியும், மாடிப்படியில் ஓடச் செய்தும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார். பலமுறை அதனூடே இருந்து பழகியபின், அவ்வுணர்ச்சி அபாயமற்றது என்பதை உடலே கற்றுக்கொள்கிறது. உபதேசத்தால் வராத கல்வி இது.

மருந்துகளும் உண்டு. செரட்டோனின் என்ற பொருளைச் சார்ந்து இயங்கும் மருந்துகள் பயன்தரச் சில வாரங்களாகும். உடனே அமைதி தரும் பென்ஸோடயஸிபீன் மாத்திரைகள் எளிதில் பழக்கமாகிவிடும். நெடுநாள் உட்கொண்டபின் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் பொருளன்று அவை. காபியும் தேயிலையும் மிகுந்தாலும் சிலருக்குப் படபடப்புத் தோன்றும். தைராய்டுச் சுரப்பி மிகுதியாக இயங்குவதும், இருதயத் துடிப்பின் கோளாறும் பீதியைப் போலவே தோன்றக்கூடுமாதலால், முதல் தாக்கை வைத்தியர் பரிசோதித்தே தீரவேண்டும். மார்பு வலியைப் பீதி என்று தாமே முடிவுகட்டுவது அறியாமை.

2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநோய்களால் வருந்துவோரில் 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறாதிருந்தனர். மத்திய அரசாங்கம் 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அழைப்பவர் தமக்கு நேர்ந்த தாக்குகளின் நேரம், இடம், நீடித்த நிமிஷங்கள், அப்போது உட்கொண்டிருந்த மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வைத்திருத்தல் உதவியாக இருக்கும்.