மதுவும் சோரியாசிஸும்

பிழைப்பை நாடித் தில்லிக்கும் கான்பூருக்கும் வந்த நம்மவர்க்கு முதற் குளிர்காலம் ஒரு சோதனையே. வறண்ட குளிர்காற்றில் தோல் வெடிக்கிறது. சோரியாசிஸ் என்னும் படை உள்ளவருக்கோ, முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் சிவந்த தடிப்புகள் எழுந்து வெண்செதில்கள் உதிர்கின்றன. உடன் தங்கியிருப்போர் அவருடைய படுக்கையை ஒதுக்கி வைக்கின்றனர். அவ்வேதனையை மறக்க அவர் மதுவை நாடினால், நோய்க்கே தீனி இட்டவராகிறார். அது எவ்வாறு என்பதை இங்கு விளக்க விழைகிறோம்.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்குவோம். இது தொழுநோயன்று, ஒட்டுவாரொட்டியும் அன்று. இவ்விரு நோய்களும் வெவ்வேறென வியன்னா நகரத்து மருத்துவர் ஹெப்ரா 1841-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தினார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நெறி பிறழ்வதால் இந்நோய் விளைகிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே மேலெழுந்து குவிகின்றன. அவையே செதில்கள்.

அளவு மிஞ்சிய மது, அழற்சியைத் தூண்டும் பொருள்களை உடலிற் பெருக்குகிறது. 1990-இல் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியொன்று வெளியாயிற்று. சோரியாசிஸ் கண்ட ஆடவர்கள், நோய் தோன்றுமுன் நாளொன்றுக்குச் சராசரி 43 கிராம் மதுச்சாரம் அருந்தியிருந்தனர். பிற தோல்நோய் உடையோர் அருந்தியது 21 கிராமே. மது ஒன்றே காரணம் என்று இதனால் முடிவு கட்டலாகாது. பரம்பரைக் கூறும் உண்டு. ஆயினும் மிகுதியாகக் குடிப்போரிடம் நோய் கடுமையாவதையும், சிகிச்சை பயன் குன்றுவதையும் மருத்துவர்கள் காண்கின்றனர்.

மற்றோர் இடரும் உண்டு. கடுமையான நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து ஈரலைப் பாதிக்கக் கூடியது. மதுவும் சேர்ந்தால், மத்தளத்திற்கு இருபுறமும் இடி என்பது போல் ஈரல் நலிவுறும். ஆதலின் தாம் குடிக்கும் அளவை நாணமின்றி மருத்துவரிடம் உள்ளபடி உரைத்தல் வேண்டும்.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். மருத்துவர் துணையுடன் விடுவதே முறை. வழி கேட்க, 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உதவி நாடெங்கும் உண்டு.

உடன் வாழ்வோர்க்கும் ஒரு சொல். அவருடன் ஒரே பாயில் அமர்ந்து உண்ணலாம், எத்தீங்கும் வாராது. அயலூரில் அவருக்குத் தனிமையைத் தராதிருப்பதே, அவர் கையினின்று மதுக்கோப்பையை அகற்ற நாம் செய்யும் முதல் உதவியாகும்.