உஷார்! குடலுக்குப் புது ஊசியா? முதலில் டிபி டெஸ்ட்!

குடல் அழற்சி நோய்க்காக உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ புது ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? முதல் டோஸ் ஏறும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: “டிபி இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா?” தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

வயிற்று நோய்க்கு டிபி டெஸ்டும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எதற்கு என்று தோன்றும். நம்மில் பலருக்கு டிபி கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கும். இருமல், காய்ச்சல் எதுவும் இருக்காது. எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போட்டிருக்கும். அந்தக் கட்டு குலையாமல் காப்பதில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குடலைப் புண்ணாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஊசிகள் டிஎன்எஃபை அடக்குகின்றன. குடல் ஆறுகிறது, கிருமியின் கட்டும் அவிழக்கூடும்.

இன்ஃப்ளிக்ஸிமாப் 1998-ல் குடல் அழற்சியின் ஒரு வகையான குரோன்ஸ் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்கு டிபி வந்த விவரம் 2001-ல் வெளியானது. 48 பேருக்கு மூன்று டோஸுக்குள்ளாகவே வந்துவிட்டது. அந்த 70 பேரில் 64 பேர் டிபி குறைவாக உள்ள நாட்டுக்காரர்கள்! உலக டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

நம் ஊரில் இன்னொரு பயங்கரமும் இருக்கிறது. குடல் டிபி அப்படியே குரோன்ஸ் போலவே வரும்: சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண், வலி, காய்ச்சல், எடை இறக்கம். கொலனோஸ்கோப்பி, பயாப்ஸி எல்லாம் பார்த்தும் அனுபவசாலி டாக்டர்களே திணறுவதுண்டு. டிபியைக் குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டும் ஊசியும் கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவிவிடலாம். “இன்னொரு டெஸ்ட் பார்க்கலாம்” என்று டாக்டர் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு டிபி இருந்தும் டெஸ்ட் நெகட்டிவ் காட்டலாம். வீட்டில் யாருக்காவது டிபி இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசிக்கு முன் ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் கட்டாயம்.

மாத்திரை என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு: டோஃபாசிட்டினிப் மாத்திரை 2018-ல் குடல் அழற்சியின் இன்னொரு வகையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளே மலிவாகத் தயாரிக்கின்றன. இதிலும் டிபி ஆபத்து உண்டு, அக்கி வரலாம். 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், ரத்தக்கட்டு, மரணம் என்று அடுக்கிக் கடும் எச்சரிக்கை விடுத்தது. முடக்குவாதம் இருந்த, 50 வயதோ அதற்கு மேலோ ஆன, இதய ஆபத்தும் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் தெரிந்த விஷயம் இது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்!

இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்துதான். இன்ஃப்ளிக்ஸிமாபை விட்டுவிட்டுப் போட்டால், உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கி அலர்ஜி வரலாம். டெஸ்ட் பார்க்காமலே ஊசி தொடங்கியிருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். டெஸ்டில் ஒன்றுமில்லை என்றாலும் சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, விடாத இருமல், கழுத்தில் கட்டி, காரணமில்லாத மெலிவு — இதில் எது வந்தாலும் அடுத்த டோஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இருமல் இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். இந்த ஊசிகளால் வரும் டிபி பல நேரம் நுரையீரலுக்கு வெளியேதான் தலைகாட்டுகிறது.