தூளிக்கு ஒரு கூரை வேண்டும்!

இரவு பத்து மணிக்கு மேல் வாஷி மொத்த விற்பனைச் சந்தைப் பக்கம் சென்றால், சரக்கு இறக்குவதற்காக லாரிகள் வரிசையாகக் காத்து நிற்பதைக் காணலாம். சேலம், நாமக்கல் பக்கத்து வண்டிகளும் அவற்றில் உண்டு. ஓட்டுநர் கேபினில் காலை மடக்கிப் படுத்துவிடுவார். கிளீனருக்கு அங்கே இடமிராது. சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வண்டிக்கு அடியில் இரண்டு சட்டங்களில் கயிற்றைக் கட்டி, ஒரு போர்வையைத் தூளியாகத் தொங்கவிட்டு அதற்குள் சுருண்டுகொள்கிறார்கள். லாரியே கூரையாகிறது. மழை நனைக்காது, தரையின் ஈரமும் எட்டாது.

எளிய ஏற்பாடுதான். ஆனால் மிகவும் ஆபத்தானது. விடியற்காலையில் வரிசை நகரும்போது, அடியில் ஆள் இருப்பதை அறியாமல் வண்டியை எடுத்தால் ஓர் உயிர் போய்விடும்.

லாரியின் அடிப்பகுதியைத் தேடிப் போகாமல், பையில் எடுத்துச் செல்லக்கூடிய தூளிக்கே ஒரு கூரையையும் கொசுவலையையும் சேர்த்துவிட்டால் என்ன? தூளியும் கூடாரமும் ஒன்றாகிவிடும். வெளிநாடுகளில் மலையேறுவோரும் காட்டுவழி செல்வோரும் இன்று பயன்படுத்துவது இதைத்தான்.

நமக்குப் பழகிய பொருள்

தூளி, ஏணை, தொட்டில் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பொருள் ஒன்றுதான். வயல் வரப்பில் வேப்பமரக் கிளையிலும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரக் கம்பிலும் பழைய சேலையைக் கட்டிப் பிள்ளையைத் தூங்க வைப்பது நம் தாய்மார்களின் வழக்கம். பெரியவர்கள் அதில் தூங்குவதுதான் நம்மிடம் குறைவு.

அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினருக்கோ அதுவே படுக்கை. 1492-ல் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளில் இறங்கியபோது, மக்கள் பருத்தி வலைகளைக் கட்டி அவற்றில் உறங்குவதைக் கண்டு எழுதி வைத்தார். 16-ம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஆங்கிலேயக் கடற்படையும் தன் மாலுமிகளுக்கு இத்தகைய படுக்கையைக் கொடுத்துவிட்டது. கப்பல் ஆடும்போது தூளியும் சேர்ந்து ஆடுவதால் மாலுமி கீழே உருளுவதில்லை.

தரையில் படுப்பதில் உள்ள தொல்லைகளை மும்பைவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தண்ணீர் வடிந்த பிறகு எலிக் காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காயம்பட்ட தோலில் படுவதால் வரும் நோய் அது. கிராமப் பக்கத்தில் இன்னொரு அபாயம் கட்டுவிரியன். இரவில் இரைதேடும் இப்பாம்பு, தரையில் படுத்துத் தூங்குகிறவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. கடிபட்ட இடத்தில் வலிகூடத் தெரியாமல் போவதுண்டு. தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் படுத்தாலே இந்தத் தொல்லைகளில் பாதி குறைந்துவிடும்.

போர்க்காலத்தில் பிறந்தது

தூளியையும் கூடாரத்தையும் ஒன்றாக்கும் வேலையை இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் பெரிய அளவில் செய்தது. பனாமாக் காடுகளில் சோதனை நடத்தி, 1942-ம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் காட்டுத் தூளி ஒன்றை உருவாக்கினார்கள். கீழே படுக்கும் துணி. மேலே நீர்புகாத கூரை. இரண்டையும் இணைத்துச் சுற்றிலும் கொசுவலை. நுழைவதற்கு ஒரு ஜிப். மலேரியாவும் மழையும் மிகுந்த காடுகளுக்கு இது ஏற்றதாயிருந்தது. ஆனால் எதிரி சுடும் வேளையில் அதிலிருந்து சட்டென்று வெளியே வர முடியாது என்பது பெரிய குறை.

1990-களின் இறுதியில் கனடாவைச் சேர்ந்த டாம் ஹென்னஸி என்பவர் துணியின் அடியில் பிளவு வைத்து, கீழிருந்து உள்ளே ஏறும்படி ஒரு தூளிக் கூடாரத்தைச் செய்து விற்றார். ஆள் உள்ளே படுத்ததும் அவரது எடையால் பிளவு தானே மூடிக்கொள்ளும். அதன் பின்னர் பிரிட்டனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அலெக்ஸ் ஷர்லி-ஸ்மித், மூன்று மரங்களுக்கிடையே முக்கோணமாக இழுத்துக் கட்டும் கூடாரத்தை அறிமுகப்படுத்தினார். அதில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் படுக்கலாம். ஆனால் சுமை கூடுதல்; விலையும் கூடுதல்.

கயிற்றில் இருக்கிறது சூட்சுமம்

தூளியை இழுத்து விறைப்பாகக் கட்டினால் கட்டில் போல் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், 60 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு கயிற்றிலும் 60 கிலோ இழுவிசை விழுகிறது. சாய்வு 10 டிகிரியாகக் குறைந்தால் அதுவே ஏறத்தாழ 173 கிலோ ஆகிவிடும். 5 டிகிரியில் 344 கிலோ! விறைப்பு கூடக் கூட கயிறு அறுவதும் தூண் சாய்வதும் எளிதாகிவிடும். ஒன்றே முக்கால் அடி தூரத்துக்கு ஓர் அடி இறக்கம் என்று கயிற்றைக் கட்டினால் 30 டிகிரி கிடைத்துவிடும். தனியே கருவி தேவையில்லை.

ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிராமல் இருக்க இன்னொரு வழியும் உண்டு. தூளியின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு கயிறு கட்டிவிட வேண்டும். அதன் நீளம் துணியின் நீளத்தில் ஆறில் ஐந்து பங்கு. துணி 11 அடி என்றால் இந்தக் கயிறு சுமார் 9 அடி 2 அங்குலம். மரங்கள் நெருங்கியிருந்தாலும் விலகியிருந்தாலும் துணியின் தொய்வு மாறாது. கொசுவலையையும் இதிலேயே தொங்கவிடலாம்.

படுக்கும்போது நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுக்க வேண்டும். அப்போது முதுகு வளையாது. இதற்குத் துணியின் அகலம் ஐந்து அடியாவது தேவை.

துணியின் முனையை வெங்காய மூட்டைக்கு வாய் கட்டுவது போலச் சுருக்கி, நுனியை மடித்துக் கட்டினால் நழுவாது. நைலான் கயிறு ஈரத்தில் நீண்டுகொடுக்கும். பாலியெஸ்டர் கயிறு அவ்வளவு நீளாது.

கூரை, கொசு, குளிர்

கூரைக்குத் தனிக் கயிறு வேண்டும். தூளிக் கயிற்றிலேயே தார்ப்பாயைப் போட்டால், ஆள் படுத்ததும் கூரையும் தொய்ந்து நீர் தேங்கும். பன்னிரண்டுக்குப் பத்து அடி தார்ப்பாய் ஒருவருக்குப் போதும். நான்கு மூலைகளையும் சரிவாக இழுத்து முளையடிக்க வேண்டும். கயிற்று வழியே மழைநீர் ஓடிவந்து துணியை நனைக்கும் என்பதால், துணிக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் சிறு நூலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஒற்றைத் துணி என்றால் கொசு அடியிலிருந்தும் குத்தும். இரட்டைத் துணியாகத் தைத்தால் அது எளிதில் எட்டாது. அந்த இரண்டு துணிக்கும் நடுவே பாயையோ பழைய செய்தித்தாளையோ செருகினால், முதுகுக்குக் கீழே வீசும் குளிர்காற்றும் தடைப்படும்.

மரமோ தூணோ இல்லாத இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் கூடாரம் கைகொடுக்கிறது. இரண்டு கழிகளை நட்டு, அதே தார்ப்பாயைக் கூரையாக்கி, அதே கொசுவலையைத் தொங்கவிட்டு, தரையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பின் மேல் அதே இரட்டைத் துணியை விரித்துக்கொள்ளலாம். கழிகள் நீங்கலாக எல்லாம் சேர்ந்து நான்கு கிலோவுக்குள் அடங்கும்.

எச்சரிக்கைகளும் உண்டு. மின்கம்பத்தில் கட்டக் கூடாது. பட்ட மரம் கூடாது. தூளியின் அடி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் உயரக் கூடாது. முதலில் மூட்டையை வைத்துச் சோதித்த பிறகே ஆள் ஏற வேண்டும். லாரிக்கு அடியிலோ, வண்டி திரும்பும் பாதையிலோ தூளியும் கட்டக் கூடாது, கூடாரமும் போடக் கூடாது.

லாரித் தொழிலாளருக்குச் சந்தை அருகே படுக்க இடமும் குளிக்க நீரும் உள்ள ஓய்வு விடுதிகள் வேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை. துணித் தூளி அதற்கு ஈடாகாது. ஆனால் விடுதியில் இடம் கிடைக்காத இரவுகளில் உயிரைப் பணயம் வைக்காமல் தூங்க இது உதவும். இதற்கு வேண்டிய துணியும், கொசுவலையும், தார்ப்பாயும் மும்பைக் கடைகளில் கிடைக்கின்றன. தைக்கத் தெரிந்த கைகள் தாராவியில் நிறைய உண்டு. வெளிநாட்டு மலையேறிகளுக்காகத் தைக்கப்படும் பொருளை, நம் தையற்காரர்கள் நம் கிளீனருக்காகவும் தைத்துப் பார்க்கலாமே!