டைமண்ட் என்றால் டைமண்ட் இல்லை! பிரிட்ஜில் ஓர் ஊரறிந்த ரகசியம்

காங்கேயம் வட்டார மாட்டுச் சந்தைகளில் விலை பேசுவது காதில் விழாது. தரகரும் வாங்க வந்தவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை விரலை அழுத்துகிறார் என்பதில்தான் இருக்கிறது விலை. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது துண்டு மட்டும்தான். அவிநாசிபாளையம் பக்கம் மாடு வாங்கி விற்றவர்களுக்கு இது பழகிய பாஷை.

பிரிட்ஜ் சீட்டாட்டத்திலும் ஜோடிக்குள் இப்படி ஒரு பாஷை ஓடும். ஆனால், துண்டு கிடையாது. என்ன குறியீடு வைத்துக்கொண்டாலும் அதன் அர்த்தம் எதிராளிக்கும் தெரிந்தாக வேண்டும். சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் இரட்டையர் தங்கத்தை வென்றவர்கள் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். அப்போது ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56!

ஆட்டம் இதுதான். நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம்: எது துருப்பு, 13 சுற்றில் எத்தனையை ஜெயிப்போம் என்று மாறி மாறிக் கேட்க வேண்டும். 'டூ டைமண்ட்ஸ்' என்றால், டைமண்டைத் துருப்பாக வைத்து 8 சுற்று ஜெயிப்போம் என்று அர்த்தம். தன் கையில் இருப்பதை ஜோடிக்குச் சொல்ல இந்த ஏலம் ஒன்றே வழி. பாஸ், டபுள், ரீடபுள் சேர்த்து மொத்தம் 38 சொல்தான்.

இப்போது ஒரு கையைப் பாருங்கள். இஸ்பேடில் ஏஸ், 10, 7, 3. ஹார்ட்டினில் ராஜா, ஜாக்கி, 8, 5. கிளாவரில் ஏஸ், ராணி, 9, 2. டைமண்டில் ஒற்றை 6. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கூட்டினால் 14 புள்ளி. நல்ல கைதான். மூன்று ஜாதியில் நாலு நாலு, ஒன்றில் ஒற்றை. இந்த அமைப்பு 100 கைக்கு சுமார் 3 முறைதான் வரும்.

'பிரிசிஷன்' என்ற ஏல முறையில் இந்தக் கைக்குப் போக்கிடமே இல்லை. 'ஒன் கிளப்' 16 புள்ளிக்கு மேல் உள்ளவர்களுக்கு. இஸ்பேடோ ஹார்ட்டினோ கேட்க ஐந்து சீட்டாவது வேண்டும். அதற்காகவே 'டூ டைமண்ட்ஸ்' என்ற சொல்லுக்குத் தலைகீழ் அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். 'டைமண்ட் என்னிடம் கிட்டத்தட்ட இல்லை, மற்ற மூன்றும் இருக்கிறது, புள்ளி 11 முதல் 15 வரை.' ஒரே சொல்லில் முழுக் கையும் விரிந்துவிடும். ஜோடியிடம் நாலு இஸ்பேட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இஸ்பேட் கேட்கலாம். அந்த ஒற்றை டைமண்ட் போன பிறகு, அடுத்து வரும் டைமண்டைத் துருப்பால் வெட்டலாம்.

இந்த முறையை உருவாக்கியவர் ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் கப்பல் தொழில் செய்த சி.சி.வெய். 1969 உலகப் போட்டியில் இதை ஆடிய தைவான் அணி இறுதிவரை போய் இத்தாலியிடம் தோற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த இத்தாலியர்களே 1972 ஒலிம்பியாடில் பிரிசிஷனைக் கையில் எடுத்து ஜெயித்தார்கள்.

சரி, எதிராளிக்கு எப்படித் தெரியும்? இதுபோன்ற சொல் வந்ததும் ஜோடி 'அலர்ட்' செய்ய வேண்டும். எதிராளி அர்த்தம் கேட்டால், சொன்னவர் வாயைத் திறக்கக் கூடாது. அவருடைய ஜோடிதான் விளக்க வேண்டும். பெரிய போட்டிகளில் ஜோடிகள் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி மேஜைக்குக் குறுக்கே திரையும் உண்டு. 1975 உலகப் போட்டியில் திரை இருந்தும், மேஜைக்கு அடியில் காலால் தட்டி சைகை காட்டியதாக ஓர் இத்தாலிய ஜோடி மீது புகார் எழுந்து பெரிய ரகளையானது.

உள்ளூர் ஆட்டங்களில் திரை இருக்காது. அங்கேதான் சோதனை. நீங்கள் 'டூ டைமண்ட்ஸ்' என்கிறீர்கள். உங்கள் ஜோடிக்குப் பேசி வைத்தது மறந்துபோகிறது. 'அவரிடம் டைமண்ட் நிறைய இருக்கு' என்று எதிராளியிடம் விளக்கிவிட்டு, பாஸும் சொல்லிவிடுகிறார். ஒற்றை 6-ஐ வைத்துக்கொண்டு டைமண்ட் துருப்பில் 8 சுற்று ஜெயிக்க வேண்டிய நிலை உங்களுக்கு. ஏலம் முடியும்வரை திருத்தக் கூடாது, இருமக் கூடாது, புருவத்தைக்கூட உயர்த்தக் கூடாது. முடிந்ததும், முதல் சீட்டு விழுவதற்குள், உண்மையான ஏற்பாடு என்ன என்று எதிராளியிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும்.